அல்பேர்ட் ஏரியைக் கடந்தவர்கள்

உகண்டாவுக்கும் கொங்கோவுக்கும் நடுவே எல்லையாகக் கிடக்கிறது அல்பேர்ட் ஏரி. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 160 கிலோமீற்றர் நீளம், குறுக்கே முப்பது கிலோமீற்றர் அளவு அகலம். பரப்பளவு சுமார் 5,300 சதுர கிலோமீற்றர். எமது யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு. தெற்கே செம்லிக்கி ஆறு வந்து விழுகிறது. வடகிழக்கு மூலையில் விக்ரோறியா நைல் உள்ளே வந்து, சிறிது தூரத்திலேயே மறுபடி வெளியேறி, சூடானை நோக்கிப் போகிறது. மேற்குக் கரையில் கொங்கோவின் மலைகள் நீலமாகத் தெரியும். பகலின் முற்பாதியில் கண்ணாடிபோலக் கிடக்கும் இந்த நீர், பிற்பகலில் காற்று எழுந்தால் கடலாக மாறிவிடும்.

இந்த ஏரியில் ஒரு தம்பதியர் 1864ஆம் ஆண்டில் பதின்மூன்று நாட்கள் தோணியில் பயணம் செய்தனர். நைல் நதியின் மூலத்தைத் தேடிய வரலாற்றில் அது ஒரு பெரும் அத்தியாயமாக எழுதப்பட்டுள்ளது. கணவரின் பெயர் சாமுவேல் வைற் பேக்கர். மனைவி புளோரன்ஸ். ஆங்கில நூல்கள் இதனை ஒரு வீரப் பயணமாகவே சொல்லி வந்துள்ளன. அந்தத் தோணியில் இருந்த பெண் ஓர் அகதி என்பது நீண்ட காலம் சொல்லப்படவில்லை. அந்த இடத்திலிருந்து இந்தப் பயணத்தை நாம் மறுபடி வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. புலம்பெயர்ந்து வாழும் எமக்கு இதில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு.

சாமுவேல் பேக்கர் எமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். இலங்கையின் நுவரெலியாவை ஆங்கிலேயர் குடியேற்றமாக மாற்றியவர்களில் முதன்மையானவர் அவர். 1821இல் இலண்டனில் பிறந்தவர். குடும்பத்தின் செல்வம் யமேய்க்காவிலும் மொரீசியசிலும் இருந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அதாவது, அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. 1840களின் பிற்பகுதியில் யானை வேட்டைக்காக இலங்கைக்கு வந்தவர், நுவரெலியாவின் குளிரைக் கண்டு, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்க முனைந்தார். இங்கிலாந்திலிருந்து குடியானவர்களையும் கால்நடைகளையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். 1855வரை அங்கே வாழ்ந்தார். தனது இலங்கை வாழ்க்கை பற்றி இரு நூல்கள் எழுதினார். ஹோட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று இன்றும் அவர் பெயரில் ஓர் அருவி விழுந்துகொண்டிருக்கிறது.

அதே ஆண்டுகளில்தான் தமிழகத்திலிருந்து பாக்கு நீரிணையைத் தோணிகளில் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். வழியிலேயே செத்து விழுந்தவர்கள் பலர். அவர்களுடைய பயணத்தைப் பற்றி அவர்களில் ஒருவர் எழுதிய நூல் எதுவும் எமது கையில் இல்லை. ஒரே தீவுக்கு, ஒரே காலத்தில், இரு வகையான வருகைகள். ஒன்றுக்கு நூல் உண்டு, மற்றதற்கு இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு நாம் மேலே செல்வோம்.

1855இல் பேக்கரின் முதல் மனைவி இறந்துபோனார். நிலைகொள்ளாமல் அலைந்த பேக்கர், 1859 ஜனவரியில் தன்யூப் நதி வழியாக வேட்டைப் பயணம் புறப்பட்டார். கூட வந்தவர் மகாராஜா துலீப் சிங். பஞ்சாப் இராச்சியத்தின் கடைசி அரசர். 1849இல் சிறுவனாக இருக்கும்போதே பிரித்தானியரால் முடியிறக்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். படகு பழுதாகி இருவரும் ஒதுங்கிய இடம் விடின். இன்று பல்கேரியாவில் உள்ள இந்த நகரம் அன்று துருக்கிய சாம்ராச்சியத்துக்கு உட்பட்டிருந்தது.

1848-49இல் ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டபோது, தோற்றவர்கள் எல்லை தாண்டி ஓடிவந்து தங்கிய நகரமும் இதே விடின்தான். புரட்சியின் தலைவர் கொசுத் உட்பட ஆயிரக்கணக்கானோர் 1849இல் இங்கே அகதிகளாக இருந்தனர். திரான்சில்வேனியாவில் 1841இல் பிறந்தவராகக் கருதப்படும் புளோரன்ஸ், அந்தக் கலவரத்தில் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இழந்த சிறுமி. அகதியாக வந்த இடத்தில் அடிமைச் சந்தைக்குரிய பொருளாகிப் போனார். விடினில் ஏலத்துக்கு நிறுத்தப்பட்டிருந்த அவரைக் கண்ட பேக்கர், ஏலத்தில் அந்நகரத்துப் பாஷாவிடம் தோற்று, காவலருக்குக் கைலஞ்சம் கொடுத்து, பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடினார் என்பது பின்னாளில் அக்குடும்பத்தில் வழங்கிவந்த கதை. முடியிழந்த ஓர் அரசனும், நாடிழந்த ஒரு பெண்ணும், தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவரும் ஒரு நதிக்கரையில் சந்தித்த கதையாகவும் இதைச் சொல்லலாம்.

இருவரும் 1861 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து புறப்பட்டனர். ஓராண்டு காலம் அபிசீனிய எல்லையில் நைலின் கிளையாறுகளைப் பார்த்தனர். 1862 டிசம்பரில் கார்ட்டூமிலிருந்து தெற்கே சென்றனர். 1863 பெப்ரவரியில் கொண்டொகோரோ என்ற இடத்தில், விக்ரோறியா ஏரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஸ்பீக், கிரான்ற் ஆகியோரைச் சந்தித்தனர். மேற்கே இன்னொரு பெரிய ஏரி உண்டு, தாம் அங்கே போக முடியவில்லை என்று ஸ்பீக் சொன்னார். உள்ளூர் மக்கள் அதனை லூட்டா நசிகே என்றும் முவித்தான்சிகே என்றும் அழைத்தனர். வெட்டுக்கிளிகள் அதைக் கடக்க முயன்று செத்து விழுவதால் வந்த பெயர் என்பர்.

கொண்டொகோரோவிலிருந்து ஏரிக்குச் செல்ல ஏறக்குறைய ஓராண்டு எடுத்தது. அன்றைய பகுதியில் யானைத் தந்தமும் அடிமைகளும் பிடிப்பதே வணிகம். அந்த வணிகக் கும்பல்களின் துணையில்லாமல் யாரும் அசைய முடியாது. பேக்கரும் அவர்களோடு சேர்ந்துதான் போக வேண்டியிருந்தது. புன்யோரோ நாட்டில் அரசர் கம்ராசி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வந்தவர், உண்மையில் அரசரின் சகோதரர், பேக்கரிடம் அவருடைய மனைவியைத் தனக்கு விட்டுச் செல்லுமாறு கேட்டார். பேக்கர் துப்பாக்கியை உருவினார். புளோரன்ஸ் எழுந்து நின்று அரபு மொழியில் அந்த மனிதரை ஏசித் தீர்த்தார். அதனை உள்ளூர் மொழியில் பெயர்த்துச் சொன்னவர் பச்சீட்டா என்ற பெண். அவரும் அடிமையாகப் பிடிபட்டு, அடிமை வணிகரின் முகாமில் அரபு கற்றவர். ஒருமுறை விற்பனைக்கு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் கோபத்தை, அதே விதி நேர்ந்த இன்னொரு பெண் மொழிபெயர்த்தார். பேக்கர் இதனை நகைச்சுவையாகவே எழுதிச் செல்கிறார். எமக்கு அப்படி வாசிக்க முடியவில்லை.

அடுத்த சில நாட்களில் காபு ஆற்றைக் கடக்கும்போது புளோரன்ஸ் வெயில் தாக்கி விழுந்தார். பல நாட்கள் நினைவில்லை. புதைகுழி வெட்டுவதற்கு ஆட்கள் மண்வெட்டிக்குப் பிடி போட்டு வைத்திருந்தனர். அவர் பிழைத்தார். 1864 மார்ச் 14ஆம் திகதி இருவரும் ஓர் உயர்ந்த பாறைச் சரிவில் நின்று கீழே ஏரியைக் கண்டனர். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான விக்ரோறியா அரசியின் கணவர் அல்பேர்ட்டின் பெயரைப் பேக்கர் அதற்கு இட்டார்.

வக்கோவியா என்ற மீன்பிடிக் கிராமத்தில் காய்ச்சலோடு எட்டு நாள் காத்திருந்த பின் இரு தோணிகள் கிடைத்தன. பெரிய மரத்தைக் குடைந்து செய்தவை. மழைக்கும் வெயிலுக்குமாகப் பேக்கர் தமது தோணியின் மேல் வளைந்த கம்புகள் கட்டி, மாட்டுத் தோல் போர்த்தி ஒரு சிறு கூடாரம் செய்தார். எமது ஊர் மாட்டுவண்டிக் கூடாரம் போன்ற ஒன்று என்று நினைத்துக்கொள்ளலாம். முதல் இரவிலேயே தோணிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டனர். பேக்கரின் ஆட்களுக்குத் துடுப்புப் போடத் தெரியாது. தோணி நேரே போகாமல் வட்டமடித்தது. துடுப்பொன்றையே சுக்கானாகக் கட்டினார். ஸ்கொற்லாந்துப் போர்வையைப் பாயாக ஏற்றினார்.

பின்னர் கரையோரக் கிராமங்களிலிருந்து தோணிக்காரர் மாறி மாறி வந்தனர். அதிகாலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் கரையேறுவதே வழக்கமாயிற்று. பிற்பகல் ஒரு மணியளவில் தென்மேற்கிலிருந்து புயல் எழும். ஒருநாள் அகன்ற குடா ஒன்றைக் கடக்கும்போது காற்று முந்திக்கொண்டது. அலை தோணிக்குள் அடித்தது. தோல் கூடாரம் தண்ணீரைத் தடுத்ததால்தான் மூழ்காமல் கரையில் மோதினர். வெள்ளாப்பில் நீர்யானைகளும் முதலைகளும் சூழ்ந்து கிடந்தன. இருவருக்கும் காய்ச்சல் விடவில்லை. பதின்மூன்றாம் நாள் மகுங்கோவை அடைந்தனர். அங்கிருந்து விக்ரோறியா நைலில் மேலே ஏறி, ஒடுங்கிய பாறை இடுக்கு வழியே நதி முழுவதும் கொட்டும் பேரருவியைக் கண்டனர். அதற்கு இலண்டன் அரச புவியியற் கழகத்தின் தலைவரான மேர்ச்சிசனின் பெயரை வைத்தனர்.

பயணம் இவ்வளவுதான். இதில் துணிவு இருந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த ஏரி யாரும் அறியாத நீர் அன்று. கிழக்குக் கரையிலுள்ள கிபிரோவில் பெண்கள் பல நூற்றாண்டுகளாக உப்பு எடுத்து வந்தனர். அந்த உப்பு தோணிகளில் ஏரியெங்கும் போயிற்று. பேக்கர் பதின்மூன்று நாளில் தத்தளித்துக் கடந்த அதே கரைவழி அவர்களுக்கு அன்றாடச் சந்தைப் பாதை. பேக்கர் அந்த ஏரி தெற்கே எல்லையின்றி நீண்டு கிடப்பதாக நம்பினார். அது தவறு என்பதை 1876இல் இத்தாலியரான ரோமோலோ ஜெசி ஏரியைச் சுற்றிவந்து காட்டினார். உப்பு விற்றவர்களிடம் கேட்டிருந்தால் அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இருவரும் 1865இல் இங்கிலாந்து திரும்பினர். அந்த ஆண்டு நவம்பரில்தான் இலண்டனில் சட்டப்படி திருமணம் செய்துகொண்டனர். அடுத்த ஆண்டு பேக்கருக்கு சேர் பட்டம் கிடைத்தது. புளோரன்ஸ் லேடி பேக்கர் ஆனார். ஆனால் திருமணத்துக்கு முன்பே கூடி வாழ்ந்தவர் என்ற காரணத்துக்காக விக்ரோறியா அரசி அவரைத் தனது அவைக்குள் அனுமதிக்கவேயில்லை. தன் கணவரின் பெயரை ஆபிரிக்காவின் வரைபடத்தில் ஏற்றுவதற்காகச் சாவின் விளிம்புவரை சென்று வந்த ஒரு பெண்ணுக்கு அரசி தந்த பதில் அது. பேக்கரின் நூலில் புளோரன்ஸ் எங்கும் ‘என் மனைவி’ தான். விடின் சந்தையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. புகலிடம் கிடைத்த நாட்டில் மதிப்போடு வாழ்வதற்கு எதையெல்லாம் மறைக்க வேண்டியிருக்கிறது என்பது எம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் புளோரன்ஸ் எமது நாயகியாகிவிடுவார். ஆனால் கதை நிற்கவில்லை.

1869இல் எகிப்தின் ஆட்சியாளர் கெடீவ் இஸ்மாயில் பேக்கருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண் சம்பளம் பேசி, பெரும்படையோடு நைலின் தெற்குக்கு அனுப்பினார். அடிமை வணிகத்தை ஒழிப்பது ஒரு நோக்கம். அந்த நாடுகளை எகிப்தோடு இணைப்பது மற்ற நோக்கம். புளோரன்சும் கூடச் சென்றார். 1872 மே மாதத்தில் மசிண்டியில் புன்யோரோ நாடு எகிப்துக்குச் சொந்தமாகிவிட்டது என்று பேக்கர் பிரகடனம் செய்தார். இளம் அரசர் கபலேகா அதை ஏற்கவில்லை. ஜூன் 8ஆம் திகதி சண்டை மூண்டது. தலைநகர் எரிந்தது. பேக்கரின் படை உயர்ந்த புல்லினூடே ஈட்டிகளுக்கு நடுவில் பின்வாங்கி ஓடியது. புளோரன்சும் ஆயுதம் தாங்கி அந்தப் படையோடு நடந்தார். அவர் அந்தப் பயணத்தில் எழுதிய நாட்குறிப்பும் கடிதங்களும் 1972இல்தான் நூலாக வெளிவந்தன. அச்சோலி மக்கள் அவரைச் சந்திரனின் மகள் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அவர் அன்பானவர் என்பதற்கும் துணிந்தவர் என்பதற்கும் சான்றுகள் நிறைய உண்டு. எனினும் பிறந்த மண்ணைப் படை வந்து எரித்ததால் அனாதையான ஒருவர், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, இன்னொருவர் மண்ணை எரித்த படையின் பக்கத்தில் நின்றார். அகதியாக இருந்தவர் என்பதாலேயே ஒருவர் அடுத்தவரின் இழப்பை உணர்ந்துகொள்வார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புளோரன்சின் வாழ்க்கையில் எமக்கு உறைக்க வேண்டிய இடம் இதுதான்.

கபலேகா பின்னர் பிரித்தானியரோடும் பல ஆண்டுகள் போரிட்டார். 1899இல் பிடிபட்டு, இந்து சமுத்திரத்தில் சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். கண்டியின் கடைசி மன்னனை வேலூருக்கு அனுப்பிய அதே முறை. 1923இல் முதியவராக ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. வரும் வழியில் ஜின்ஜாவில் இறந்துபோனார். தன் ஏரியை அவர் மறுபடி காணவில்லை.

ஏரியில் இயந்திரம் வந்ததும் இந்தக் கதையின் தொடர்ச்சியே. பேக்கர் தமது இரண்டாம் பயணத்தில் துண்டுதுண்டாகக் கழற்றிப் பாலைவனத்தைக் கடத்திக் கொண்டுவந்த ‘கெடீவ்’ என்ற நீராவிக் கப்பல், அவர் காலத்தில் ஏரியை எட்டவில்லை. பின்னர் அது ஏரியில் ஓடியது. 1888 ஏப்ரலில் ஸ்ரான்லியைச் சந்திக்க எமின் பாஷா அதிலேதான் வந்து இறங்கினார். பிரித்தானியர் ஆட்சியில் கிழக்குக் கரையில் புத்தியாபா துறைமுகமாக வளர்ந்தது. ‘சாமுவேல் பேக்கர்’ என்றே ஒரு கப்பல் ஓடியது. 1930இல் ‘றொபேர்ட் கொறின்டன்’ என்ற பெரிய கப்பலும் வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏரி பெருகியபோது துறைமுகமும் அழிந்தது, கப்பலும் மூழ்கியது.

1912இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு இந்த ஏரியிலும் நைலிலும் நாற்பது ஆண்டுகள் உழைத்த ‘லிவிங்ஸ்ரன்’ என்ற சிறு படகு, 1951இல் ‘ஆபிரிக்கன் குவீன்’ திரைப்படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றது. ஹம்பிறி போகாட்டும் கத்தரின் ஹெப்பேர்னும் ஆற்றோடு இறங்கி ஏரியைச் சேரும் கதை. படத்தில் தெரியும் நீராவி இயந்திரம் ஒப்புக்கு வைத்தது. உண்மையான டீசல் இயந்திரம் சரக்குப் பெட்டிகளின் கீழே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் படகு பின்னர் புளோரிடாவில் போய்ச் சேர்ந்தது. அங்கே அதில் ஏறிச் சுற்றிவரப் பணம் கொடுத்துச் செல்கிறார்கள்.

1954 ஜனவரியில் எழுத்தாளர் ஹெமிங்வேயும் மனைவி மேரியும் சென்ற சிறு விமானம் மேர்ச்சிசன் அருவிக்கருகில் தந்திக் கம்பியில் மோதி விழுந்தது. காட்டில் ஓர் இரவைக் கழித்தவர்களை மறுநாள் அவ்வழியே வந்த மோட்டர் படகொன்று ஏற்றிக்கொண்டு, நைலில் இறங்கி, ஏரி வழியாகப் புத்தியாபாவில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து அவர்களை ஏற்றிய இரண்டாவது விமானமும் எழும்பும்போதே தீப்பற்றியது. இதற்கிடையில் ஹெமிங்வே இறந்துவிட்டார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. அவர் தமக்கு எழுதப்பட்ட அஞ்சலிகளைத் தாமே வாசிக்க நேர்ந்தது. பேக்கர் தம்பதியர் பதின்மூன்று நாள் பட்ட பாடு தொண்ணூறு ஆண்டுகளில் ஒரு பகற்பொழுதாகச் சுருங்கியிருந்தது.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஏரியின் பெயர் 1973இல் கொங்கோவின் சர்வாதிகாரி மொபுட்டுவின் பெயராகி, அவர் 1997இல் வீழ்ந்தபின் மறுபடி அல்பேர்ட் ஆயிற்று. பெயர் எதுவானாலும் கடப்பவர்கள் குறையவில்லை. 2014 மார்ச் 22ஆம் திகதி, உகண்டாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த கொங்கோ அகதிகளை அளவுக்கு மீறி ஏற்றிய படகு ஏரியில் கவிழ்ந்தது. 250க்கு மேற்பட்டோர் மாண்டதாகக் கொங்கோ அரசு அறிவித்தது. சிறுவர்கள் பலர். 2018இன் தொடக்கத்தில் இட்டூரி மாகாணத்தில் கொலைகள் பெருகியபோது பல்லாயிரம் பேர் கிழக்குக் கரைக்கு ஓடிவந்தனர். இயந்திரம் பூட்டிய மீன்பிடிப் படகுகளில் இருநூறு பேருக்கு மேல் நெருக்கிக்கொண்டு பத்து மணி நேரம்வரை வந்தனர். காசில்லாதவர்கள் சிறு வள்ளங்களில் மூன்று நாள்வரை துடுப்புப் போட்டு வந்தனர். வந்திறங்கிய முகாமில் வாந்திபேதி காத்திருந்தது. பேக்கரும் புளோரன்சும் தோணியேறியது இதே கிழக்குக் கரையில்தான்.

இதை வாசிப்பவர்களில் பலருக்குக் கிளாலி நினைவுக்கு வரும். 1990களின் முற்பகுதியில், ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடப்பட்ட நாட்களில், இரவில் விளக்கணைத்து, ஒரு மோட்டர் வள்ளத்தின் பின்னால் கயிற்றால் தொடுத்த வள்ளங்களில் அந்தக் கடல்நீரேரியைக் கடந்தவர்கள் நாம். மன்னாரிலிருந்து இராமேசுவரம் போனவர்களும் எம்மில் உண்டு. கணவனும் மனைவியுமாக ஏறி, தனியாக இறங்கியவர்களும் உண்டு. அவை எவையும் பயணம் என்ற பெயரில் எழுதப்படவில்லை. அகதிகளின் வருகை என்று தொகை போட்டு எழுதப்பட்டன.

பேக்கரின் தோணியில் சாத் என்றொரு சிறுவனும் இருந்தான். சிறு வயதில் அடிமை வணிகரால் கடத்தப்பட்டு, கார்ட்டூமில் புளோரன்சிடம் அடைக்கலம் வந்தவன். ஏரியைக் கண்டு திரும்பும் வழியில், 1865இல், கார்ட்டூமை அடையுமுன் கொள்ளைநோயில் இறந்தான். அவனைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பேக்கர் எழுதியதால் அறிகிறோம். அந்த அளவுக்கேனும் பேக்கருக்கு நன்றி சொல்லலாம். துடுப்புப் போட்டவர்களின் பெயர்கள் அந்த நூலில் இல்லை. கிளாலியில் வள்ளம் ஓட்டியவர்களின் பெயர்களை நாமும் இன்னும் எழுதவில்லை. அவர்களை அறிந்தவர்கள் எம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். கேட்டு எழுதுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அது நீண்ட காலம் அல்ல.

எழுதும்போது புளோரன்சையும் மறக்காமல் இருப்பது நல்லது. 1916இல் இங்கிலாந்தின் தெவன் பகுதியில், பெரிய வீடொன்றின் சீமாட்டியாக அவர் கண்மூடினார். அப்போது ஐரோப்பா முழுவதும் போர் நடந்துகொண்டிருந்தது. எல்லைகளில் புதிய அனாதைகள் நடந்துகொண்டிருந்தனர்.